நோன்பும் எடை குறைக்கும் ஊசியும்: கொழுப்போடு தசையும் கரைகிறதா?

"ஹஜ்ரத், வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கிறேன். நோன்போட போட்டா முறிஞ்சிடுமா?"

சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, இஷா முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். வயது 63. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது அரக்கோணத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். சர்க்கரை நோய் பத்து வருடமாக உண்டு. துபாயில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது அந்த ஊசிப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"முறியாது பாய், அது உணவு அல்ல" என்றேன். அவர் நிம்மதியாகப் போனார். நானும் நிம்மதியாகத்தான் போனேன்.

மார்க்கச் சட்டப்படி அந்தப் பதிலில் தவறில்லை. தோலுக்கு அடியிலும் தசையிலும் போடும் ஊசிகள், ஊட்டச்சத்தாகச் செலுத்தப்படாத வரை, நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் உள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் தீர்மானித்தது. நம் நாட்டு உலமாக்களின் பொதுவான தீர்ப்பும் இதுவே. ஆனால் என்ன ஊசி, எதற்காக, கூடவே என்ன மாத்திரை, ஸஹரில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பதினாறாம் இரவுத் தராவீஹில் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல், பக்கத்தில் நின்ற இளைஞரின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை. ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய் குளுக்கோமீட்டர் கொண்டுவந்தார். சர்க்கரை 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.

மறுநாள் பார்க்கப் போனபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. நான்கு மாதத்தில் 9 கிலோ குறைந்திருந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றிருக்கிறோம், நான் உட்பட. பசியே எடுப்பதில்லை என்பதால் ஸஹரில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். இஃப்தாரில் நான்கு ஸ்பூன் கஞ்சி, ஒரு சமோசா. ஆனால் பழைய கிளிமிப்ரைடு மாத்திரையை மட்டும் முழு அளவில் போட்டுக்கொண்டிருந்தார். ஊசி போடுவது அவருடைய டாக்டருக்கே தெரியாது. வேலூரில் அவரைப் பரிசோதித்த மருத்துவர், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார். முடியவில்லை. "இவருக்குக் குறைஞ்சது கொழுப்பு மட்டும் இல்ல, தசையும் போயிருக்கு" என்றார்.

அந்த வாக்கியம் என்னைப் படிக்க வைத்தது. நான் மதரஸாவில் ஓதியவன், பிறகு கலைப் பட்டம் வாங்கியவன். அறிவியல் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. இங்கே எழுதுவது, படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் நம் வீடுகளுக்குப் புரியும்படி சொல்லும் முயற்சிதான்.

முதலில் அந்த ஊசி என்ன என்று பார்ப்போம். சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்குப் "போதும்" என்று செய்தி அனுப்புகிறது. அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்து, ஆனால் உடம்பில் நாள் கணக்கில் தங்கும்படி உருவாக்கப்பட்டவைதான் செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற மருந்துகள். டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ரைபெல்சஸ் என்ற மாத்திரை 2022-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. வந்த புதிதில் மௌஞ்சாரோவின் 5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய், வாரம் ஒன்று. செமாக்ளூடைடின் காப்புரிமைக்கு இந்தியாவில் 2026 மார்ச்தான் கெடு. இந்திய நிறுவனங்களும் தயாரித்தால் விலை இறங்கும், நம் தெருவுக்கும் வரும். அதற்குள் விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

இவை மோசமான மருந்துகள் அல்ல. சர்க்கரையும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குப் பெரிய உதவி. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில் செமாக்ளூடைடு போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தார்கள். 100 கிலோ இருந்தவர் சுமார் 85 ஆகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 140 பேருக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்து, குறைந்தது எது என்று தனியாகப் பார்த்தார்கள். குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பு அல்லாத பகுதி. டிர்செபடைடு ஆய்வில் அது சுமார் 25 சதவீதம். கொழுப்பு அல்லாத பகுதி என்றால் எல்லாமே தசை என்று அர்த்தமில்லை. நீரும் உள்ளுறுப்புகளும் அந்தக் கணக்கில் வரும். ஆனாலும் அதில் தசைக்குப் பெரும் பங்கு உண்டு.

இது மருந்தின் விஷம் அல்ல என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பத்தியம் இருந்து எடை குறைத்தாலும் ஏறத்தாழ கால் பங்கு தசைப் பகுதியிலிருந்துதான் போகும். குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு சேமிப்பில் கை வைக்கிறது. கல்லீரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பு பல மணி நேரப் பட்டினியில் குறைந்துகொண்டே வரும். அதன் பிறகு கொழுப்பை எரிக்கும். கூடவே, மூளைக்குத் தேவையான சர்க்கரையைத் தயாரிக்கத் தசையின் புரதத்தையும் கொஞ்சம் உடைக்கும். உணவில் புரதம் குறைவாக இருந்து, தசைக்கு வேலையும் கொடுக்காவிட்டால், "இது தேவையில்லாத பொருள்" என்று உடம்பு முடிவு செய்துவிடுகிறது. ஊசி செய்வது பசியைக் குறைப்பது. அந்தக் குறைந்த பசியில் எதைச் சாப்பிடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் ரமளான் நோன்பே தசையைக் கரைக்குமா? ஆரோக்கியமானவர்களுக்குக் கவலை வேண்டாம். நம் ஊரில் இந்த வருட நோன்பு சுமார் 13 மணி நேரம். மாதம் முழுவதும் நோன்பு வைப்பவர்களுக்கு சராசரியாக ஒரு கிலோவோ அதற்குச் சற்றுக் கூடவோ குறைகிறது, அதிலும் பெரும்பகுதி சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. நோன்பைத் தொடர் பட்டினியாக ஆக்க மார்க்கமே விடவில்லை. இரவும் பகலும் இணைத்து நோன்பு வைப்பதை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். ஸஹர் உணவில் பரக்கத் இருப்பதாகச் சொன்னார்கள், நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்த வேண்டாம் என்றார்கள். ஸஹரை விட்டுவிட்டு, "நான் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன்" என்று பெருமைப்படும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதிகாலைச் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் தூக்கத்துக்காக ஸஹரைத் தவிர்ப்பதும் அரக்கோணத்தில் அதிகம்.

கவலைப்பட வேண்டியவர்கள் சர்க்கரை நோயாளிகள், அறுபதைத் தாண்டியவர்கள், இந்த ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள். மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தால் கவலையும் மும்மடங்கு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. அதாவது ஏழு பெரியவர்களில் ஒருவர். ஒரு ஸஃப்பில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பார்ப்பதற்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. புனே கேஇஎம் மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-ல் தங்களையே உதாரணமாக்கி, ஒரு படத்துடன் லான்செட் இதழில் எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அந்த இடைவெளியில் இருப்பது பெரும்பாலும் தசை. ஆரம்பத்திலேயே நம்மிடம் தசை குறைவு என்றால், அதிலிருந்து எடுத்துச் செலவழிக்க நமக்கு வசதியில்லை. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலின் உதவியோடு வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கும் தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரைக்குப் போக இடமில்லை. ஊசியை நிறுத்தியவர்கள் ஒரே வருடத்தில், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாகப் பிந்தைய ஆய்வு காட்டியது. திரும்பி வரும் எடை தானாகத் தசையாக வந்து சேராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் தசை பலவீனத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஆசிய மருத்துவர் குழு 2019-ல் அளவுகோல் வைத்திருக்கிறது. உங்கள் அத்தாவையும் அம்மாவையும் செய்யச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு. எங்கள் பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில் பத்து வருடம் முன்பு இரண்டு நாற்காலிகள் இருந்தன. இப்போது பதினொன்று. உட்கார்ந்து தொழுவது தேவையுள்ளவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது, அதில் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றில் சில, மூட்டு வலியால் அல்ல, தொடைத் தசை கரைந்ததால் வந்தவை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இனி உணவு. ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். வயதானவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 60 முதல் 72 கிராம் வரை நல்லது என்கிறார்கள். எடை குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த அளவைச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தொடக்கூடாது. அவர்களுக்கு டாக்டர் சொல்லும் அளவுதான் அளவு.

இந்த 60 கிராம் நம் ரமளான் தட்டில் இருக்கிறதா? நோன்புக் கஞ்சி எனக்கும் உயிர். அஸருக்குப் பிறகு தூக்கோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால்தான் ரமளான் வந்த மாதிரி இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் பச்சரிசி. ஒரு கிண்ணத்தில் வரும் கறியை விரல் விட்டு எண்ணலாம். அதோடு சமோசா, பஜ்ஜி, ரோஸ் மில்க். வயிறு நிறைந்துவிடும், புரதம் பத்து கிராம் தாண்டியிருக்காது. ஊசி போடுபவருக்கு வயிறு பாதி அளவில் நிரம்பிவிடுகிறது. அந்தப் பாதியையும் சமோசாவுக்குக் கொடுத்துவிட்டால் முட்டைக்கும் கறிக்கும் இடமில்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். பேரீச்சை, தண்ணீர், அடுத்து ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது அவித்த முட்டை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து கோழியோ மீனோ கறியோ இரண்டு மூன்று துண்டு. கஞ்சி அதற்குப் பிறகு. சமைத்த கோழி 75 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். வேகவைத்த கடலை 100 கிராமில் 8 கிராம் அளவுக்கு இருக்கும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், 6 கிராம். ஸஹரில் இரண்டு முட்டையில் 12, ஒரு கப் தயிரில் 5, ஒரு கரண்டி கெட்டிப் பருப்பில் 6. கூட்டிப் பார்த்தால் 57 வருகிறது. ஒரு பிடி வேர்க்கடலை சேர்த்தால் கணக்கு முடிந்தது. புரதப் பவுடர் டப்பா எதுவும் தேவைப்படவில்லை. கறி வாங்க வசதியில்லாத வீட்டில் முட்டை, பருப்பு, சோயா உருண்டை போதும். சோயா உருண்டையின் எடையில் பாதி புரதம்தான். ஆம்பூர் பிரியாணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். சாப்பிடுங்கள், கறித் துண்டை முதலில் சாப்பிடுங்கள்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் இந்த மருந்து எடுப்பவர்களுக்குக் குமட்டும். இஃப்தார் முதல் ஸஹர் வரை சிறிது சிறிதாக இரண்டு லிட்டர் அளவுக்குப் போக வேண்டும். மலச்சிக்கல் இந்த மருந்தின் சாதாரணத் தொல்லை. தண்ணீரும் கீரையும் காய்கறியும் குறைந்தால் அது கூடும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இஃப்தாருக்குக் கடைசியாக உட்காருபவர் யார்? பொரித்துக்கொண்டே இருந்து, எல்லோருக்கும் வைத்துவிட்டு, மிச்சமான குழம்பையும் சோற்றையும் சாப்பிடுபவர் யார்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். வயது கூடக் கூட, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு, பெண்களுக்குத் தசையும் எலும்பும் சேர்ந்தே குறைகின்றன. அவர்கள் தட்டில் இரண்டு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது கணவனின் வேலை, மகனின் வேலை.

சாப்பிட்டால் மட்டும் போதாது, தசைக்குச் சுமை வேண்டும். தராவீஹ் தொழுகையையும் அன்றைய உடற்பயிற்சியில் ஒரு பங்காகக் கணக்கிடச் சொல்கிறது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமளான் வழிகாட்டி. 20 ரக்அத்தில் 20 ருகூவு, 40 ஸஜ்தா. நல்ல அசைவுதான், ஆனால் கைக்கும் தோளுக்கும் அதில் பாரம் இல்லை. வாரத்தில் மூன்று நாள், இஃப்தார் முடிந்து ஒரு மணி நேரம் கழித்தோ தராவீஹுக்குப் பிறகோ, கால் மணி நேரம் போதும்: நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தூக்குவது. இளைஞர்கள் ஜிம்முக்குப் போவதை இஃப்தாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். அஸர் நேரத்து வெயிலில் ஓடி மயங்கி விழுவதில் நன்மை எதுவும் இல்லை.

மருந்து விஷயத்தில் நான் மருத்துவர் இல்லை, அவர்களிடம் கேட்டதைச் சொல்கிறேன். இந்த ஊசியை ரமளானில் புதிதாகத் தொடங்கவோ டோஸைக் கூட்டவோ கூடாது. குமட்டலும் வாந்தியும் அதிகம் வருவது அப்போதுதான். சில வாரங்களுக்கு முன்பே உடம்பு பழகியிருக்க வேண்டும். நோன்புக்காக இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்டேன் என்பதிலும் அர்த்தமில்லை. செமாக்ளூடைடு பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஊசி தனியாக இருக்கும்போது சர்க்கரையை அதிகம் தாழ்த்துவதில்லை. கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ சேரும்போதுதான் ஆபத்து. அவற்றின் அளவை ரமளானுக்கு முன்பே டாக்டர் மாற்றித்தர வேண்டும். ரைபெல்சஸ் மாத்திரையை வெறும் வயிற்றில், கொஞ்சம் தண்ணீரோடு எடுத்து, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரோடும் மாத்திரையோடும் நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து பேரீச்சையைச் சாப்பிடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மார்க்கத்தில் தடையில்லை.

2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமளானில் 7.5 மடங்கு கூடியதாகத் தெரிந்தது. விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது, பயமில்லாமல் பாருங்கள். 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று காத்திருக்கக் கூடாது. நிற்காத வாந்தி, முதுகு வரை பாயும் வயிற்று வலி என்றால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோயாளி நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளலாம் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் அல்லாஹ் தந்த சலுகை. குணமடைய வாய்ப்பு உள்ளவர் களா செய்வார், வாய்ப்பே இல்லாதவர் ஃபித்யா கொடுப்பார். இது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் நம் பெரியவர்கள் சலுகையை எடுப்பதை ஈமானின் குறை போல நினைக்கிறார்கள். மிம்பரில் நாங்கள் பேசும் விதமும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நோன்பு வைத்தே மயங்கியவரின் கதையைத் தியாகமாகச் சொல்லியிருக்கிறோம். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று இருந்த அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள், நீங்கள் சாப்பிடாமல் நானும் சாப்பிட மாட்டேன் என்று அவரைச் சாப்பிட வைத்தார்கள், இரவில் தூங்க வைத்தார்கள், உமக்கு உம் உடலைக் குறித்தும் கடமை உண்டு என்று உணர்த்தினார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள் (புகாரி 1968). இந்தச் சம்பவத்தை எத்தனை ஜுமுஆவில் சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தேன். விரல்கள் மிச்சமிருந்தன.

அந்தப் பெரியவர் சென்ற ரமளானில் மீதி 14 நோன்புகளை விட்டார். மாத்திரை மாறியது, ஊசியின் அளவும் குறைந்தது, அதுவும் டாக்டர் கையால். மகள் தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்தார். களா நோன்புகளை டிசம்பரிலும் ஜனவரியிலும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, திங்களும் வியாழனுமாக வைத்து முடித்தார்.

போன வாரம் அதே படியில் மறுபடி பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத், இந்த வருஷம் முதல்ல பத்து நாள் வெச்சுப் பாருங்க, சுகர் எழுதிட்டு வாங்க, மிச்சத்த அப்புறம் சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அப்படி வைக்கலாமா?"

வைக்கலாம் என்றேன். ஸஹருக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று இந்த முறை கேட்டேன்.

"ரெண்டு முட்டை, தயிரு, பருப்பு. மக எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கு" என்றார்.